25% அனுமதி இருந்தும் 13%தான் நிரம்புகிறது: இருக்கை அடுக்க வழி சொல்லுங்கள்

(கொரோனா கட்டுப்பாட்டுக் காலத்தில் எழுதியது.) உள்ளரங்கக் கூடைப்பந்துப் போட்டிகளுக்கு, அரங்கின் இருக்கைகளில் 25% அளவுக்கு ரசிகர்களை அனுமதித்திருக்கிறார்கள். ஆனால் குழுவுக்குக் குழு (ஒரே வீட்டார் ஒரு குழு) 2 மீட்டர் இடைவெளி கட்டாயம். எங்கள் ரசிகர் மன்றத்துக்கு ஒதுக்கிய பகுதியில் இந்த இரண்டும் ஒத்துவரவில்லை.

வரிசைக்கு 20 இருக்கை, இரு முனையிலும் நடைபாதை. இருக்கை அகலம் 50 செ.மீ., வரிசைக்கு வரிசை 80 செ.மீ. ஆட்கள் உரசிப்போவதால் ஓர இருக்கைகளை அடைத்துவிட்டோம். மீதி 18.

ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை போட்டுப் பார்த்தோம். முன்பின் தூரம் 1.6 மீட்டர்தான் வருகிறது. பக்கவாட்டிலும் விலக்க வேண்டியதாகி இடம் இன்னும் குறைகிறது. இரண்டு வரிசை விட்டால் 2.4 மீட்டர், இதுவே மேல். நால்வர் குழுக்களுக்கு நடுவே 3 காலி இருக்கை (ஆளின் நடுவிலிருந்து அடுத்த ஆளின் நடுவுக்கு 2 மீட்டர்) என்றால் வரிசைக்கு 12 பேர், மூன்றில் ஒரு வரிசையில்தான் ஆள் என்பதால் மொத்தத்தில் 20%. முன்பதிவில் வருவதோ பெரும்பாலும் இருவர் இருவராக. அப்போது வரிசைக்கு 8 பேர்தான், அதாவது 13%. வந்த வரிசைப்படி கலந்து உட்காரவைத்தால் 4, 4, 2 என்று அமைந்து, யாருக்கும் உதவாத இரண்டு இருக்கை மிஞ்சுகிறது. வெவ்வேறு வீட்டாரை ஒரே குழுவாக்க விதி இடம் தரவில்லை, தரவும் கூடாது.

இத்தனை மாதம் காத்திருந்தவர்களில் ஒருவரைக்கூட வீணாகத் திருப்பி அனுப்ப மனமில்லை.

இருவர், மூவர், நால்வர் குழுக்களுக்கு வரிசைகளை முன்பே பிரித்து வைப்பதா, முன்பதிவு முடிந்தபின் மொத்தமாக அடுக்குவதா, எதில் அதிகம் பேர் உள்ளே வரமுடியும்?