ஆரல்வாய்மொழிக் காற்றில் ஆமைக் குஞ்சு வளர்க்க முடியுமா?

பூக்கடைத் தம்பி (ஆரல்வாய்மொழி):

எல்லோருக்கும் வணக்கம். எனக்குத் தோவாளைச் சந்தையில் பூக்கடை, வீடு ஆரல்வாய்மொழியில். திருவனந்தபுரத்தில் இருக்கும் என் மச்சான் சல்காட்டா ஆமை வளர்க்கிறார். போன மாதம் முட்டை பொரித்து ஒன்பது குஞ்சுகள் வந்திருக்கின்றன. உள்ளங்கையில் ஒன்றை வைத்தால் பாதிக் கை காலியாக இருக்கும், அவ்வளவுதான் அளவு. சந்தன நிற ஓடு, ஒவ்வொரு கட்டத்துக்கும் பழுப்பில் கரை போட்ட மாதிரி. என் மகளுக்கு ஆறு வயது. பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து வேறு பேச்சே இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் அதே நிலைதான். ஒன்று தருகிறேன், வேண்டுமென்றால் ஜோடியாகவே கொண்டு போ என்கிறார் மச்சான்.

என் பயம் காற்றைப் பற்றித்தான். ஆடி மாதம் எங்கள் ஊரில் ஈரத்துணியைக் கொடியில் போட்டுவிட்டு டீ குடித்து வருவதற்குள் காய்ந்துவிடும். மீன் தொட்டி விற்கும் ஒரு கடையில் கேட்டேன். "அது பாலைவனத்து ஆமை, காய்ந்த மணலைப் போட்டு அதில் விடுங்கள், தண்ணீர் பக்கமே வேண்டாம்" என்றார்கள். மச்சான் நேர் எதிராக, ஈரம் காயவே விடாதே என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இன்னொன்று, சந்தை முடியும்போது சம்பங்கி, ரோஜா, செவ்வந்தி, அரளி எல்லாம் தினமும் மிஞ்சும். அதைப் போடலாமா?

அம்மா வேறு, "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று சொல்லிவிட்டார்கள். வேண்டுமானால் முற்றத்தில் வைத்துக்கொள், வாசற்படி தாண்டக் கூடாதாம். முற்றத்தில் வைத்தால் போதுமா?

வடசேரிவாசி:

தம்பி, முதலில் காகிதத்தைச் சரி செய்யுங்கள். சல்காட்டா ஆப்பிரிக்க ஆமை, பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. 2022ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, 2024ல் அதற்கு விதிகளும் கொண்டுவந்த பிறகு, இப்படிப்பட்ட வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். குஞ்சு பொரித்தாலும் கைமாறினாலும் அதையும் சொல்லியாக வேண்டும். உங்கள் மச்சான் தாய் ஆமையையும் குஞ்சுகளையும் பதிந்திருக்கிறாரா என்று கேளுங்கள். பதியவில்லை என்றால் பதிந்த பிறகு வாங்குங்கள். சொந்தக்காரர்தானே என்று விட்டுவிட வேண்டாம்.

அதோடு, யாராவது "நட்சத்திர ஆமை இருக்கு, விலையும் குறைவு" என்று வந்தால் தொடவே தொடாதீர்கள். அது நம் நாட்டுக் காட்டு உயிர், சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடிபட்டால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. குளத்தில் கிடைக்கும் பாலாமையும் அப்படித்தான். மழை நேரத்தில் ரோட்டில் கண்டால் எடுத்து மறுபக்கம் தண்ணீரில் விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

குழித்துறை டீச்சர்:

தம்பி, மச்சான் சொன்னதுதான் சரி. கடைக்காரர் சொன்னதை நம்பி நான் ஒரு குஞ்சைச் சாகக் கொடுத்திருக்கிறேன்.

என் முதல் குஞ்சுக்கு அடியில் மணல், மேலே நூறு வாட் பல்பு, ஒரு மூலையில் பாட்டில் மூடியில் தண்ணீர். வெளியே எங்கள் ஊரில் இடவப்பாதி மழை கொட்டிக்கொண்டிருந்தது. நான் ஈரம் படக்கூடாது என்று தொட்டியைக் காய வைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரம் கண்ணைத் திறக்கவில்லை. ஓட்டை விரலால் தொட்டால் கெட்டி அட்டையை அழுத்துவது போல உள்ளே போனது. 41ஆம் நாள் காலையில் பார்த்தபோது போய்விட்டது. மருத்துவர் திறந்து பார்த்து, சிறுநீர்ப்பையில் பட்டாணி அளவுக்குக் கல் இருந்ததைக் காட்டினார். தண்ணீர் போதாமல் உப்பு இறுகிக் கல்லானது. பட்டாணி என்றால் சின்னதுதானே என்று தோன்றும். அந்தக் குஞ்சே எலுமிச்சைக்கும் சின்னது தம்பி.

அதற்குப் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். சல்காட்டாவின் ஊர் சகாராவுக்குத் தெற்கு ஓரம் என்பது உண்மைதான். ஆனால் அது வெயிலில் மணல் மேலே படுத்துக் கிடப்பதில்லை. பல அடி ஆழத்துக்கு வளை தோண்டி அதற்குள் இருக்கும். வளைக்குள் மண் ஈரம். குஞ்சுகள் புல் வேரடியிலும் மண்ணுக்குள்ளும் ஒளிந்துதான் வளரும். 2003ல் வெளியான ஒரு ஆய்வில் இதே சல்காட்டா குஞ்சுகளைக் காய்ந்த இடத்திலும் ஈரமான இடத்திலும் பிரித்து வளர்த்துப் பார்த்தார்கள். ஓட்டின் ஒவ்வொரு கட்டமும் கூம்பு போல மேலே எழும்புகிறதே, அதற்கு முக்கியக் காரணம் வறட்சிதான் என்று தெரிந்தது. அதுவரை புரதச் சத்து கூடிப்போவதால்தான் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இது. மூடி உள்ள பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்று வாங்குங்கள். இரண்டடிக்கு மூன்றடியாவது இருக்கட்டும். கண்ணாடித் தொட்டி வேண்டாம், அது வெளியே போக வழி தேடிச் சுவரை முட்டிக்கொண்டே இருக்கும். கதம்பல் (தேங்காய் மட்டை) அடிக்கும் மில்லில் தென்னைநார்த் தூள் கிடைக்கும். உரம் கலக்காததாகக் கேட்டு வாங்கி, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசிப் பிழிந்து, மூன்று விரல் உயரத்துக்குப் பரப்புங்கள். கையில் அள்ளிப் பிடித்தால் உருண்டை நிற்கணும், தண்ணீர் சொட்டக் கூடாது. அந்தப் பதம்தான். மேல்பகுதி காய்ந்தால் தெளிப்பதைவிட ஓரமாகத் தண்ணீர் ஊற்றுவது நல்லது, அடி ஈரமாகவும் மேல் லேசாகவும் இருக்கும். ஒரு மூலையில் மண்சட்டியை உடைத்துக் கவிழ்த்து வையுங்கள், அதன் வீடு அதுதான். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்று வாங்கி உள்ளே போடுங்கள், 80க்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். ஈரமும் சூடும் சேர்ந்துதான் இருக்கணும். ஈரமும் குளிரும் சேர்ந்தால் சளி பிடித்து நுரையீரல் கெட்டுவிடும். தொட்டிக்குள் ராத்திரியிலும் 27 டிகிரிக்குக் குறையக் கூடாது. கோடையில் நமக்கு இது தானாகவே கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கிடைக்காது. அப்போது வெளிச்சம் வராத செராமிக் ஹீட்டரும், சூட்டை ஒரே அளவில் வைக்கும் தெர்மோஸ்டாட்டும் தேவைப்படும். மூக்கில் குமிழ் வந்தாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். ஆடுமாடு, நாய் பார்க்கும் மருத்துவரிடம் போனால் ஐவர்மெக்டின் ஊசி மட்டும் வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். நாய்க்குப் போடும் அந்த மருந்து ஆமையைக் கொன்றுவிடும்.

தினமும் காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் 20 நிமிடம் குளிப்பு. கீழ் ஓடும் மேல் ஓடும் சேரும் வரைக்கும்தான் தண்ணீர், தலை தாராளமாக வெளியே இருக்கணும். அந்தத் தண்ணீரிலேயே மலம் கழிக்கும், வெள்ளையாக உப்பும் போகும். அந்த வெள்ளையை விரலால் தேய்த்துப் பாருங்கள். பற்பசை மாதிரி வழுவழுவென்று இருந்தால் நல்லது. ரவை போல நறநறத்தால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். என் முதல் குஞ்சுக்கு நறநறத்தது. அன்றைக்கு எனக்கு அது என்னவென்றே தெரியவில்லை.

வெயில் கட்டாயம். காலை எட்டு மணி வெயில், அரை மணி நேரம், பாதி இடத்தில் நிழல். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் பிரயோசனம் இல்லை, ஓடு இறுகத் தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். தொட்டியோடு தூக்கி வெயிலில் வைத்துவிட்டு உள்ளே போகவும் கூடாது. பத்து நிமிடம் போதும், வெந்துவிடும். பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். காக்காவுக்கும் கீரிக்கும் அது ஒரு வாய் தீனி. சிவப்பு எறும்பு கண்ணைத்தான் முதலில் கடிக்கும். அதனால் முற்றம் வேண்டவே வேண்டாம், அதுவும் உங்கள் ஊர்க் காற்றில்.

பூ விஷயத்துக்கு வருகிறேன். தம்பி, சந்தைப் பூ ஒரு இதழ்கூட வேண்டாம். அரளி பூவிலும் இலையிலும் தண்டிலும் விஷம். ரோஜா, செவ்வந்தி நல்ல தீனிதான், ஆனால் விற்பனைக்கு வருகிற பூவில் மருந்து அடித்திருப்பார்கள், உங்களுக்கே தெரியும். கடைக்குப் போய்வந்த கையைக் கழுவிவிட்டு ஆமையைத் தொடுங்கள். வீட்டில் ஒரு செம்பருத்தி வையுங்கள், இலையும் பூவும் போடலாம். அருகம்புல், முருங்கை இலை, மல்பெரி இலை, மூக்கிரட்டை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி எல்லாம் நல்லது. புல்தான் இதன் சோறு, பொடிப்பொடியாக நறுக்கிக் கீரையோடு கலந்து இப்போதே பழக்குங்கள். மரச்சீனி இலை கூடவே கூடாது. பழம், சோறு, பிஸ்கட், மீன் எதுவும் வேண்டாம்.

ஜோடி வேண்டாம். இரண்டு குஞ்சு ஒரே தொட்டியில் ஒட்டிப் படுத்திருந்தால் பாசம் என்று நினைப்போம். ஒன்று மற்றதை நெருக்கிக்கொண்டிருக்கும். ஒன்று கொழுக்கும், ஒன்று தேயும். அதோடு இது உலகிலேயே மூன்றாவது பெரிய நில ஆமை. 40, 50 கிலோவுக்கு வளரும், எழுபது வருஷத்துக்கு மேல் இருக்கும், மதில் அஸ்திவாரத்துக்கு அடியில் தோண்டும். உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள். ஆறு வயதில் புரியாது என்று நினைக்காதீர்கள், அவள் பேரப்பிள்ளைக்கும் இது இருக்கும் என்று சொன்னால் நன்றாகவே புரியும். தொட்ட பிறகு ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கை கழுவணும், முத்தம் கொடுக்கக் கூடாது. ஆமை உடம்பில் சால்மோனெல்லா கிருமி இருக்கும். அமெரிக்காவில் நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஆமையை விற்கக் கூடாது என்று 1975லேயே தடை போட்டது இதனால்தான்.

குளச்சல் கடற்கரை:

டீச்சர் சுண்ணாம்புச் சத்தைச் சொல்லாமல் விட்டுட்டாங்க. கடையில் காசு கொடுத்துப் பொடி வாங்க வேண்டாம் அண்ணே. எங்கள் பக்கம் கடற்கரையில் கணவாய் ஓடு ஒதுங்கும். வெள்ளையாக, படகு மாதிரி, கையில் எடுத்தால் கனமே இருக்காது. உடையாததாகப் பார்த்து எடுத்து நல்ல தண்ணீரில் மூன்று நாள் ஊறப் போடுங்கள், தினமும் தண்ணீர் மாற்றணும். உப்பு போனதும் வெயிலில் காயவைத்து, பின்பக்கத்துக் கெட்டித் தோலைப் பெயர்த்துவிட்டு, மெத்தென்ற பக்கம் மேலே வருகிற மாதிரி தொட்டியில் போடுங்கள். வேண்டும்போது அதுவாகவே கடிக்கும். வாய் அலகும் சரியாகத் தேயும். குளச்சல் வரும்போது சொல்லுங்கள், ஒரு பை நிறையத் தருகிறேன்.

பூக்கடைத் தம்பி (ஆரல்வாய்மொழி):

எல்லோருக்கும் நன்றி. ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். மச்சான் தாய் ஆமையை முன்பே பதிந்திருந்தார், குஞ்சுகளை இப்போது பதிந்து, கைமாற்றத்தையும் ஏற்றிய பிறகுதான் கூட்டிவந்தேன். ஒன்றே ஒன்றுதான். பழமொழிக்கு அம்மாவே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வீட்டை ஒட்டிக் கதம்பல் அடுக்கி வைக்கும் சாய்ப்பு இருக்கிறது. மூன்று பக்கமும் சுவர், காற்று நுழையாது. அது வீட்டுக் கணக்கில் வராதாம். கதவுக்கு அடியில் வலை அடித்து, தொட்டியின் கால் நான்குக்கும் தண்ணீர்க் கிண்ணம் வைத்துவிட்டேன், எறும்பு ஏறவில்லை.

முதல் ஐந்து நாள் நார்த்தூளுக்குள் முழுவதும் புதைந்து கிடந்தது, செத்துவிட்டதோ என்று இரண்டு தடவை தோண்டிப் பார்த்தேன். இப்போது குளிப்புத் தட்டை எடுக்கும் சத்தம் கேட்டால் சட்டிக்கு வெளியே தலையை நீட்டுகிறது. கடையில் பிச்சிப்பூ நிறுக்கும் தராசு கிராமில் நிற்காது, நகைக்கடை நண்பர் ஒரு சின்னத் தராசு தந்தார். வந்த அன்று 36 கிராம், நேற்று 47. மகள் காலண்டரில் எழுதி வைக்கிறாள்.

டீச்சர், ஒரே ஒரு கேள்வி. வெள்ளை உப்பு பற்பசை போலத்தான் வருகிறது, ஆனால் எல்லா நாளும் வருவதில்லை. நாலு நாளைக்கு ஒரு தடவைதான். பயப்படணுமா?

குழித்துறை டீச்சர்:

வேண்டாம் தம்பி. தினமும் வராது. வரும்போது வழுவழுவென்று வந்தால் போதும். இனிமேல் தோண்டி மட்டும் பார்க்காதீர்கள், பயந்துவிடும். கார்த்திகைக்கு முன்னால் ஹீட்டர் வாங்கிவிடுங்கள்.