ஹாரிஸ் தகட்டில் காந்தத் தீவு வளரவே மாட்டேன் என்கிறது, உதவி வேண்டும்

கேள்வி

வணக்கம். மின்தடை சேர்த்த இருபரிமாண எம்எச்டி (காந்தப்புலத்தோடு பாயும் பிளாஸ்மாவைக் கணிக்கும்) நிரல் ஒன்றை நானே எழுதி ஓட்டுகிறேன். தொடக்கநிலை 1962-இல் ஹாரிஸ் தந்த அதே மின்னோட்டத் தகடுதான், அதாவது காந்தப்புலம் டான்எச் வடிவில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திசை மாறுகிறது. அரைத்தடிமன் 1, ஆல்ஃபன் வேகம் (காந்தப்புலக் கோடுகள் வழியே அலை செல்லும் வேகம்) 1, மின்தடை 0.0001, ஆக லுண்ட்குவிஸ்ட் எண் (எஸ், மின்தடையால் புலம் கரையும் நேரத்தை ஆல்ஃபன் நேரத்தால் வகுத்தது) 10,000. பெட்டியின் நீளம் 6, இரு முனைகளும் ஒன்றோடொன்று இணைந்தவை. குறுக்கே -10 முதல் 10 வரை 128 கட்டங்கள். திசைவேகத்தில் 0.0001 அளவுக்குத் தாறுமாறான சலனம் கொடுத்து 50 ஆல்ஃபன் நேரம் (அந்த அலை அரைத்தடிமனைக் கடக்கும் நேரமே ஓர் ஆல்ஃபன் நேரம்) ஓட்டினேன். டியரிங் நிலையின்மை (மின்தடையால் தகடு கிழியும் நிலையின்மை) வந்து தகடு தீவுகளாக, அதாவது மூடிய காந்தக்கோட்டு வளையங்களாகக் கிழியும் என்று காத்திருந்தால் சலனம் தேய்ந்துகொண்டே போகிறது. மின்தடையைப் பத்து மடங்கு கூட்டியும் பார்த்தேன், இன்னும் வேகமாகத் தேய்கிறது. இரண்டு வாரமாக எல்லை நிபந்தனைகளைத்தான் சந்தேகப்பட்டுத் திருத்திக்கொண்டிருக்கிறேன். எங்கே பிழை?

பதில் 1

எல்லை நிபந்தனையை விடுங்கள், பெட்டியின் நீளத்தைப் பாருங்கள். அலை எண்ணை அரைத்தடிமனால் பெருக்கினால் 1-க்குக் கீழே வர வேண்டும், அப்போதுதான் ஹாரிஸ் தகடு கிழியும். உங்கள் பெட்டியில் அடங்கும் மிக நீண்ட அலைக்கே அந்தப் பெருக்கல் 1.047 வருகிறது. நிரல் சரியாகத்தான் சொல்கிறது: அந்தப் பெட்டிக்குள் தகடு நிலையானது. மின்தடையைக் கூட்டினால் எல்லாம் இன்னும் வேகமாகக் கரையுமே தவிர வேறொன்றும் நடக்காது. நீளத்தை 20 ஆக்குங்கள், பெருக்கல் 0.314-க்கு வந்துவிடும்.

பதில் 2

எஸ் 10,000 என்றால் பிளாஸ்மாய்டு சங்கிலி (தகடு பல தீவுகளாகத் தொடர்ந்து உடைவது) வர வேண்டிய எல்லையில்தானே இருக்கிறார்? அதையும் எதிர்பார்க்கலாமா?

பதில் 1

இல்லை, இரண்டையும் குழப்பக் கூடாது. அந்த 10,000 தகட்டின் நீளத்தை வைத்துக் கணக்கிட்ட எண்ணுக்கானது, அதுவும் மீளிணைப்பு (காந்தக்கோடுகள் அறுந்து மாறி இணைவது) நடந்து, ஸ்வீட்–பார்க்கர் தகடு எனப்படும் நீண்ட மெல்லிய மின்னோட்டத் தகடு உருவான பிறகு. இங்கே எண்ணை அரைத்தடிமனை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார், தகடும் இன்னும் அசையாமல் நிற்கிறது. ஆனால் அந்தச் சங்கிலி எவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்ல வேண்டும். சூரிய வளிமண்டலத்தில் எஸ் 1 இலட்சம் கோடி அளவில் இருக்கும், ஸ்வீட்–பார்க்கர் கணக்குப்படி ஆல்ஃபன் நேரத்தைப் போல 10 இலட்சம் மடங்கு காத்திருக்க வேண்டும். ஆல்ஃபன் நேரம் 10 விநாடி என்று வைத்தால் நான்கு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு. சூரியச் சுடர்களோ சில நிமிடங்களில் ஆற்றலைக் கொட்டிவிடுகின்றன. தகடு துண்டு துண்டாகக் கிழிவது அந்த இடைவெளியைக் குறைக்கும் வழிகளில் ஒன்று.

பதில் 3

நீளத்தை மட்டும் மாற்றினால் போதாது. 1963-இல் ஃபர்த், கில்லீன், ரோசன்பிளத் மூவரும் தந்த சூத்திரத்தில் உங்கள் எண்களைப் போட்டேன். டெல்டா பிரைம் (தகடு கிழியும் உந்துதலைக் காட்டும் எண்) 5.7, வளர்ச்சி வீதம் சுமார் 0.0056. ஒரு மடிப்பு (சுமார் 2.7 மடங்கு) வளரவே 180 ஆல்ஃபன் நேரம் ஆகும், நீங்கள் 50-இல் நிறுத்திவிட்டீர்கள். அப்புறம், நடுவிலுள்ள மின்தடை அடுக்கின் அகலம் 0.05-ஐ ஒட்டி வரும், உங்கள் கட்டமோ 0.156. அடுக்கு முழுவதும் ஒரே கட்டத்துக்குள் விழுந்துவிடுகிறது, அதற்குள் என்ன நடக்கிறது என்று நிரலுக்குத் தெரிய வழியே இல்லை. நடுவில் 0.01 அளவுக்கு நெருக்கமாகவும் ஓரங்களில் தளர்வாகவும் கட்டம் அமையுங்கள்.

நீண்ட நேரம் ஓட்டும்போது பின்னணிப் புலமே கரையும், அதையும் மறக்க வேண்டாம். 1,000 ஆல்ஃபன் நேரத்துக்குள் நடுச்சரிவு பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும், பிறகு எந்தத் தகட்டின் வளர்ச்சியை அளக்கிறீர்கள் என்பதே தெளிவாக இராது. மின்தடையை முழு மின்னோட்டத்தின் மீது செலுத்தாமல், தொடக்க மின்னோட்டத்தைக் கழித்த மீதியின் மீது மட்டும் செலுத்துங்கள்.

தொடக்கச் சலனத்தையும் திசைவேகத்தில் அல்லாமல் பாயச் சார்பில் (காந்தக்கோடுகளை வரையறுக்கும் சார்பு) ஒரே அலையாகக் கொடுங்கள், 0.000001 போதும். தீவின் அகலம் சலனத்தின் வர்க்கமூலத்தைப் போல நான்கு மடங்கு, அதனால் 0.0001 கொடுத்தால் முதல் நொடியிலேயே அகலம் 0.04 ஆகி அடுக்கையே நெருங்கிவிடும்.

கேள்வி கேட்டவர்

சொன்னவை எல்லாவற்றையும் மாற்றினேன், மிக்க நன்றி. மடக்கை வரைபடத்தில் நேர்கோடு வந்துவிட்டது! வீதம் 0.005-ஐ ஒட்டி வருகிறது. ஆனால் சுமார் 1,000 ஆல்ஃபன் நேரத்துக்குப் பிறகு கோடு வளைந்து தாழ்கிறது. இது வேறொரு பிழையா?

பதில் 3

பிழை இல்லை. தீவு மின்தடை அடுக்கை விட அகலமாகிவிட்டால் அடுக்கேற்ற வளர்ச்சி நின்று, அகலம் நேரத்தோடு நேர்கோட்டில் மெதுவாகக் கூடும் என்று 1973-இல் ரூதர்ஃபோர்டு காட்டினார். அந்த நேரத்தில் தீவின் அகலம் எவ்வளவு என்று அளந்து பாருங்கள், 0.05-இலிருந்து 0.06-க்குள் இருந்தால் அதேதான்.