‘ஆன்மிகத் தேவை உண்டா?’ என்று கேட்டால் நோயாளி பயந்துவிடுகிறார், என்ன செய்யலாம்?

பாடம்_எடுப்பவள்:
நர்சிங் இரண்டாம் ஆண்டுக்கு ஸ்பிரிச்சுவல் கேர் (நோயாளியின் நம்பிக்கை, மனத்தவிப்பு ஆகியவற்றைக் கவனிப்பது) எடுக்கிறேன். ஆங்கிலப் பாடத்தை நானே தமிழில் மாற்றினேன். போன வாரம் வகுப்பில் நடித்துப் பார்த்தோம். நர்ஸாக நடித்தவள் தாளைப் பார்த்து, “உங்களுக்கு ஆன்மிகத் தேவைகள் ஏதேனும் உண்டா?” என்றாள். படுத்திருந்தவள் சட்டென்று எழுந்து உட்கார்ந்து, “ஏன் சிஸ்டர், நான் பிழைக்க மாட்டேனா?” என்றாள். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிஜ நோயாளியும் இதைத்தானே கேட்பார்!

மொழிபெயர்ப்பில் பிழையோ என்று தோழி ஒருத்தியிடம் கொடுத்துத் திரும்ப ஆங்கிலமாக்கச் சொன்னேன். மூல வாக்கியம் அச்சு அசலாக வந்து நின்றது. பிறகு எங்கே கோளாறு?

சொல்தேடி:
அச்சு அசலாக வந்ததுதான் கோளாறு மேடம். ‘ஸ்பிரிச்சுவல்’, ‘ஆன்மிகம்’ இரண்டும் அகராதியில் ஜோடி. எந்தப் பக்கம் போனாலும் மற்றது வந்து நிற்கும். நடுவே பொருள் நழுவியதை அந்தச் சோதனை காட்டாது. ஆன்மிகம் என்றால் நம் காதில் விழுவது சாமி, பூஜை, துறவு. ‘பேத்தியைப் பார்க்காமலே கண்ணை மூடிடுவேனோ’ என்ற தவிப்பு அதற்குள் வராது. உங்கள் பாடத்துக்கு அதுவும் வேண்டும்.

ஏழெட்டுப் பேரைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, “இந்தக் கேள்வி உங்ககிட்ட என்ன கேக்குது? உங்க வார்த்தையில சொல்லுங்க” என்று கேளுங்கள். அதிகம் படிக்காதவர்களும் அதில் இருக்கட்டும்.

இரவுப்பணி:
வலி தணிப்புப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். 1996-ல் அமெரிக்க மருத்துவர் கிறிஸ்டினா புச்சால்ஸ்கி கொண்டுவந்த, நோயாளியிடம் இதைக் கேட்டறியும் எஃப்.ஐ.சி.ஏ. முறை உங்கள் பாடத்திலும் இருக்கலாம்: நம்பிக்கை, அதற்கு வாழ்க்கையில் உள்ள இடம், கூட நிற்பவர்கள், நாம் செய்ய வேண்டியது. நான்கு எழுத்து ஆங்கிலத்தில் மனப்பாடத்துக்கு வசதி, அவ்வளவுதான். தமிழில் அந்த வரிசைக்குக் கட்டுப்படத் தேவையில்லை. நான் மூன்றாவதில் தொடங்குவேன்: “யாரு பக்கத்துல இருந்தா உங்களுக்குத் தெம்பா இருக்கும்?” இதற்குப் பயந்தவர் யாரும் இல்லை. சாமி பேச்சு வர வேண்டுமென்றால் அவர்களே எடுப்பார்கள்.

இன்னொன்று, சொந்தக்காரர்கள் சூழ்ந்திருக்கும்போது கேட்காதீர்கள். “எனக்கென்ன குறை” என்ற பதில்தான் வரும்.

மூன்றாம்_ஆண்டு:
எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. இந்தப் பாடத்தில் நான் நடிக்கத்தான் வேண்டுமா?

இரவுப்பணி:
வேண்டாம் தம்பி. ஐரோப்பாவில் 2016 முதல் 2019 வரை நடந்த எபிக் என்ற கல்வித் திட்டம், ஸ்பிரிச்சுவல் கேருக்காக நர்சிங் மாணவர்களுக்கு வேண்டிய நான்கு திறன்களை வகுத்தது. முதலாவதே தன்னைத் தான் அறிவது. உன் நம்பிக்கையின்மை உனக்குத் தெரிந்திருந்தால் நல்லது. அதை நோயாளி மேல் ஏற்றாதே. பக்திமான்களுக்கும் இதே விதிதான், அவர்களிடம்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது!

பாடம்_எடுப்பவள்:
இன்று தாளை வாங்கி வைத்துவிட்டு மறுபடி நடிக்கச் சொன்னேன். “இப்ப மனசுல என்ன ஓடுது?” என்றாள் நர்ஸ். “நாய்க்கு யாரு சாப்பாடு வைப்பாங்க” என்றாள் அதே மாணவி. இதைப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று வகுப்பில் இப்போது சண்டை.