கடவுச்சொல் சரியாக இருந்தும் கேமராவை ஏற்க மறுக்கும் பதிவுக் கருவி

சிப்புட்_ஆலயக்குழு:
வணக்கம். தோட்டம் துண்டாடப்பட்டபோது லயத்தருகே இருந்து சாலையோரத்துக்கு மாற்றிக் கட்டப்பட்ட, மலேசியாவின் சுங்கை சிப்புட் மாரியம்மன் ஆலயம் ஒன்றின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். ஆலயத்தில் ஆறு கண்காணிப்புக் கேமராக்கள் உள்ளன. சென்ற மாதம் இடி இறங்கியதில் பதிவுக் கருவி கருகிவிட்டது. கேமராக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பழைய மாதிரி இப்போது விற்பனையில் இல்லை என்பதால், பெட்டியின் மேல் 'ஆன்விஃப்' (வெவ்வேறு நிறுவனங்களின் கேமராவும் கருவியும் ஒன்றோடொன்று இணைவதற்கான பொதுத் தரம்) என்று அச்சிட்டிருந்த வேறொரு நிறுவனத்தின் கருவியை வாங்கினோம். பழைய கேமராக்களின் பெட்டியிலும் அதே சொல் இருக்கிறது.

புதிய கருவி ஆறு கேமராக்களையும் தேடிக் கண்டுபிடிக்கிறது. ஆனால் இணைக்க முயன்றால் ஆறுக்குமே 'பயனர் பெயர் அல்லது கடவுச்சொல் தவறு' என்கிறது. அதே பெயரையும் கடவுச்சொல்லையும் மடிக்கணினியில் விஎல்சி என்ற காணொளிச் செயலிக்குக் கொடுத்தால், உண்டியலுக்கு மேலிருக்கும் கேமராவின் படம் தடையின்றி ஓடுகிறது. கருவியை விற்றவர் கேமராவைக் குறை சொல்கிறார். கேமரா நிறுவனத்தின் சேவை எண்ணில் பேசியவர் பிறருடைய கருவிக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்கிறார். ஆறையும் மாற்ற 2,400 ரிங்கிட் ஆகுமாம். அது அர்ச்சனைச் சீட்டில் சேர்ந்த பணம். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நான்தான் எழுந்து நின்று கணக்குச் சொல்ல வேண்டும். ஆடித் திருவிழாவுக்கு இன்னும் மூன்று வாரமே உள்ளது.

கம்பிக்காரன்:
ஐயா, இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம். விஎல்சியில் படம் ஓடும்போது அதன் மூலையில் தெரியும் தேதியை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

என் ஐயத்துக்குக் காரணம் இதுதான். விஎல்சி, படத்தை நேரடியாக வாங்கி ஓட்டும் ஆர்டிஎஸ்பி என்ற வழியில், வழக்கமாக 554ஆம் எண் வாயிலில், கேமராவை அணுகுகிறது; அங்கே கடவுச்சொல்லைச் சரிபார்ப்பதில் கடிகாரத்துக்கு வேலையில்லை. ஆன்விஃப் வழியிலோ, கருவி அந்த நேரத்தின் நேரமுத்திரையையும் ஒரே ஒரு முறை மட்டும் பயன்படும் எண்ணையும் கடவுச்சொல்லோடு சேர்த்து அரைத்து, அந்தக் கலவையைத்தான் கேமராவுக்கு அனுப்புகிறது. இரண்டின் கடிகாரங்களும் வெகுவாக விலகியிருந்தால், யாரோ பழைய கோரிக்கையைத் திருடி மறுபடி அனுப்புவதாக எண்ணிக் கேமரா மறுத்துவிடும். திரையில் வரும் செய்தியோ கடிகாரத்தைப் பற்றி வாயே திறக்காமல் கடவுச்சொல்லின் மேல் பழியைப் போடும். உங்கள் கேமராக்களுக்கு இதுவரை நேரம் சொல்லிக்கொண்டிருந்தது கருகிப்போன அந்தப் பழைய கருவியாக இருக்கலாம்.

ஒழுங்காகச் செய்யப்பட்ட கருவி, கடவுச்சொல்லைத் தரும் முன்பே கேமராவிடம் மணி என்ன என்று கேட்டு, அதற்கேற்பத் தன் நேரமுத்திரையைத் திருத்திக்கொள்ளும். கடவுச்சொல் இல்லாமலே இதைக் கேட்க ஆன்விஃப் இடம் தருகிறது. கேட்கச் சோம்பல்படும் கருவிகள் சந்தையில் நிறையவே இருக்கின்றன.

சிப்புட்_ஆலயக்குழு:
1970 ஜனவரி 9 என்று காட்டுகிறது! மின்சாரம் போனதும் கேமராவின் கடிகாரம் 1970 ஜனவரி 1க்கே திரும்பிவிட்டது போலும். புதிய கருவியைப் பொருத்துவதற்காக மின்சாரத்தை நிறுத்திப் போட்டதற்கு இன்று ஒன்பதாம் நாள். ஒவ்வொரு கேமராவின் அமைப்புப் பக்கத்திலும் நுழைந்து நேரத்தைத் திருத்தி, இனிமேல் புதிய கருவியிடமே மணி கேட்குமாறு வைத்தேன். நான்கு கேமராக்களின் படம் வந்துவிட்டது. வாசற்பக்கத்து இரண்டும் இணைந்ததாகக் காட்டினாலும் திரை கறுப்பாகவே இருக்கிறது.

ஈப்போ_கடைக்காரன்:
அந்த இரண்டும் மற்றவற்றுக்குப் பிறகு வாங்கியவையாக இருக்கும். அவற்றில் எச்.265 என்ற புதிய படச்சுருக்க முறையோ, அதன் மேல் நிறுவனம் தன் சொந்தக் கைவரிசையைக் காட்டிய 'பிளஸ்' வகையோ இயங்குகிறதா என்று பாருங்கள். இருந்தால் அதற்கு முந்தைய எச்.264 முறைக்கு மாற்றிவிடுங்கள். ஆன்விஃபின் பழைய 'எஸ்' பிரிவில் எச்.265 கிடையாது, 2018இல் வந்த 'டி' பிரிவில்தான் அது சேர்ந்தது. பெட்டியில் எந்தப் பிரிவு என்று போடாமல் வெறுமனே 'ஆன்விஃப்' என்று அச்சிட்டால் அதற்கு ஒரு பொருளும் இல்லை. ஆக்சிஸ், போஷ், சோனி ஆகிய மூன்றும் 2008இல் தொடங்கிய ஆன்விஃப் அமைப்பின் இணையத்தளத்தில், மாதிரி எண்ணோடும் உள்மென்பொருள் பதிப்போடும் தகுதி பெற்ற கருவிகளின் பட்டியல் இருக்கிறது. வாங்கும் முன் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆறையும் மாற்றச் சொன்னவரைப் பேராசைக்காரர் என்று எண்ணிவிடாதீர்கள். கலந்து பொருத்திய இடத்தில் எது கெட்டாலும், எந்த நிறுவனமும் பொறுப்பேற்காது; ஈப்போவிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு ஓடி வருபவன் என்னைப் போன்ற கடைக்காரன்தான்.

கம்பிக்காரன்:
உங்கள் சிரமம் புரிகிறது, ஆனால் அந்த வண்டி எண்ணெய்ச் செலவை நன்றாக ஓடும் ஆறு கேமராக்களின் தலையில் கட்டுவது எப்படிச் சரியாகும்?

சிப்புட் ஐயா, அசைவு கண்டால் மட்டும் பதியும் முறையை நம்ப வேண்டாம். படம் இரு நிறுவனங்களுக்கிடையே சென்றாலும், அசைவுத் தகவல் பல நேரம் பாதி வழியில் காணாமல் போகும். தொடர்ந்து பதியுமாறு வையுங்கள். ஒரு கேமராவுக்கு நொடிக்கு 2 மெகாபிட் என்று வைத்தால், ஒரு நாளுக்கு ஏறக்குறைய 22 ஜிகாபைட், ஆறுக்கும் 130 ஜிகாபைட் ஆகும். 4 டெராபைட் வன்தட்டு ஒரு மாதம் தாங்கும்.

சிப்புட்_ஆலயக்குழு:
ஆறும் வந்துவிட்டன, இருவருக்கும் நன்றி. வாசற்பக்கத்து இரண்டிலும் அந்தப் 'பிளஸ்' வகைதான் இருந்தது. நீங்கள் சொன்னது போலவே அசைவைக் கொண்டு தேடும் பக்கம் வெறுமையாக இருக்கிறது. நேற்று யார் எண்ணெய் டின்னை நகர்த்தினார் என்று பார்க்க, இரவு முழுவதையும் 16 மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்த்தேன். பூனைதான்.

கடைசியாக ஒன்று. கருகிய கருவியின் வன்தட்டு கெடவில்லை என்று நினைக்கிறேன். சென்ற ஆண்டுத் திருவிழாவின் தேரோட்டப் பதிவு அதில் இருக்கிறது. புதிய கருவியில் செருகினால் பார்க்க முடியுமா?

ஈப்போ_கடைக்காரன்:
செருகாதீர்கள். ஒவ்வொரு நிறுவனமும் வன்தட்டில் தனக்கென ஒரு முறையில் எழுதுகிறது. புதிய கருவிக்கு அது வெற்றுத் தட்டாகத்தான் தெரியும். 'அழித்து வடிவமைக்கவா' என்று கேட்கும், யாராவது தெரியாமல் 'ஆம்' என்று அழுத்திவிடுவார்கள். துணியில் சுற்றி எடுத்து வையுங்கள். அதே நிறுவனத்தின் பழைய கருவி ஒன்று என் கடையில் இருக்கிறது. அடுத்த முறை ஈப்போ வரும்போது கொண்டு வாருங்கள்.