டெக்சாஸின் ஃபிளாக்‌ஷிப் (முதன்மை) அரசுப் பல்கலைக்கழகம் எது? ஒரே கான்ஃபரன்ஸுக்கு (விளையாட்டுக் கூட்டணிக்கு) வந்த பிறகும் ஓயாத சண்டை

பிரசாஸ் கரை:
2025 நவம்பர் 28 அன்று ஆஸ்டினில் யு.டி.யோடு (டெக்சாஸ் பல்கலைக்கழகம்) நடந்த அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்தில் எங்கள் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 17-27 என்று தோற்றது. அதுவரை ஆடிய 11 ஆட்டத்திலும் ஜெயித்திருந்தோம். வலிக்கத்தான் செய்தது, சரி. ஆனால் ஆட்டம் முடிந்ததிலிருந்து யு.டி. நண்பர்கள் எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் ஒரே பல்லவி பாடுகிறார்கள்: "மாநிலத்தின் ஃபிளாக்‌ஷிப் யார் என்று இப்போதாவது புரிந்ததா?" ஸ்கோரை வைத்துத்தான் இதை முடிவு செய்வது என்றால், அந்த சீசனில் தேசியப் பட்டத்துக்கான 12 அணிகளின் பிளேஆஃபுக்குப் போனது நாங்கள். மூன்று தோல்வியோடு வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்தது நீங்கள்.

என்னைக் கேட்டால் டெக்சாஸுக்கு ஃபிளாக்‌ஷிப் இரண்டு. 2012-ல் நாம் இருவரும் இருந்த பிக் 12 கூட்டணியை விட்டு, தென்கிழக்கு மாநிலங்களின் பெரிய விளையாட்டுக் கூட்டணியான எஸ்.இ.சி.க்கு நாங்கள் போனபோது, "அலபாமாவிடம் அடி வாங்கப் போகிறார்கள்" என்று கேலி செய்தார்கள். அந்த வருஷமே அலபாமாவை அவர்கள் மண்ணில் 29-24 என்று ஜெயித்தோம். ஒன்பது வருஷம் கழித்து யு.டி.யே ஓக்லஹோமாவோடு சேர்ந்து அதே கதவைத் தட்டி, 2024 ஜூலையில் உள்ளே வந்தது. பிக் 12-லிருந்து ஒரு வருஷம் முன்னதாகக் கிளம்ப இரண்டு பேருமாக 10 கோடி டாலரை விட்டுக்கொடுத்தார்கள். யார் யார் பின்னால் போகிறார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆஸ்டின்காரன்:
பிளேஆஃபுக்குப் போய் என்ன நடந்தது என்பதையும் எழுதியிருக்கலாமே. சொந்த மைதானத்தில், ஒரு லட்சம் பேர் கத்த, மயாமியிடம் 3-10.

எஸ்.இ.சி.க்கு முதலில் போனது நீங்கள்தான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் இத்தனை வருஷத்தில் அந்தக் கூட்டணியின் இறுதி ஆட்டத்தை ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. நாங்கள் சேர்ந்த முதல் சீசனிலேயே ஆடினோம். ஜார்ஜியாவிடம் ஓவர்டைமில் 19-22 என்று தோற்றோம், அது வேறு. நம் இருவருக்கும் நடந்த 120 ஆட்டங்களில் 78 எங்களுடையவை.

ஃபுட்பாலை விடுங்கள். 1876-ம் ஆண்டு டெக்சாஸ் அரசியல் சட்டத்தின் ஏழாவது பிரிவைப் படியுங்கள். "முதல் தரப் பல்கலைக்கழகம்" ஒன்றை அமைக்கச் சொல்கிறது. அதுதான் யு.டி. அதே பிரிவில் ஏ அண்ட் எம் "டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஒரு கிளை" என்று இருக்கிறது. ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களின் சங்கமான ஏ.ஏ.யு.வில் யு.டி. சேர்ந்தது 1929-ல். நீங்கள் 2001-ல். இதற்கு மேல் என்ன சொல்ல?

பிரசாஸ் கரை:
அந்தக் "கிளை" 1876 அக்டோபரில் வகுப்பே தொடங்கிவிட்டது. நீங்கள் கதவு திறந்தது 1883-ல். அம்மாவுக்கு ஏழு வயது மூத்த பிள்ளை!

நாங்கள் ஏன் கிளம்பினோம் என்பதைப் பேசாமல் கான்ஃபரன்ஸைப் பற்றிப் பேசவே முடியாது. 2011 ஜனவரியில் யு.டி.யும் விளையாட்டு ஒளிபரப்பு நிறுவனமான இ.எஸ்.பி.என்.னும் சேர்ந்து லாங்ஹார்ன் நெட்வொர்க் என்ற டிவி சேனலை அறிவித்தன. 20 வருஷத்துக்கு 30 கோடி டாலர். ஒரே கூட்டணியில் பத்துப் பேர் இருக்க, ஒருவருக்கு மட்டும் சொந்த சேனல். பணத்தைக்கூட விடுங்கள். அதில் உயர்நிலைப்பள்ளி ஆட்டங்களையும் காட்டுவோம் என்றார்கள். பதினேழு வயதுப் பையன் எந்தக் கல்லூரிக்கு ஆடுவது என்று யோசித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், அவன் ஆட்டத்தை யு.டி. பெயர் போட்ட சேனலில் ஒளிபரப்பினால் அது ஆள் பிடிப்பது இல்லாமல் வேறென்ன? எதிர்ப்பு வந்து அதைத் தடுத்தார்கள். ஆனாலும் ஆகஸ்ட் கடைசியில் சேனல் தொடங்கிய அதே வாரத்தில் நாங்கள் வெளியேறும் கடிதம் கொடுத்தோம்.

அந்த நவம்பர் 24, தேங்க்ஸ்கிவிங் இரவு, எங்கள் மைதானமான கைல் ஃபீல்டில் நான் இருந்தேன். 25-24 என்று முன்னால் இருந்தோம். கடைசி உதை. யு.டி.யின் ஜஸ்டின் டக்கர் 40 கெஜத்திலிருந்து அடித்த பந்து கம்பங்களுக்கு நடுவே போனது. 25-27. அதோடு 13 வருஷம் ஆட்டமே இல்லை. தேதி தாருங்கள் என்று நாங்கள் கேட்டோம். அட்டவணை நிரம்பிவிட்டது என்றார்கள்.

ஆஸ்டின்காரன்:
வீட்டை விட்டுப் போனவர் நீங்கள். போன பிறகு "ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறேன், கறி எடுத்து வை" என்றால் எப்படி?

2021 ஜூலையை மறந்துவிட்டீர்களா? யு.டி. வரப்போகிறது என்ற செய்தி கசிந்த அன்றே உங்கள் விளையாட்டு இயக்குநர் ராஸ் பியோர்க், டெக்சாஸிலிருந்து எஸ்.இ.சி.யில் நாங்கள் மட்டும் இருக்கவே விரும்புகிறோம் என்று பேட்டி கொடுத்தார். ஒரு வாரம் போனது. உங்கள் நிர்வாகக் குழு கூடி, ஆதரித்து ஓட்டுப் போடச் சொன்னது. எஸ்.இ.சி. ஓட்டு 14-0. நீங்கள் எங்களுக்குச் சமமான ஃபிளாக்‌ஷிப் என்று உண்மையிலேயே நம்பியிருந்தால், நாங்கள் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? அந்தப் பதற்றம் எதற்கு?

பழைய கூகர்:
தம்பிகளா, நான் எண்பதுகளில் யூனிவர்சிட்டி ஆஃப் ஹூஸ்டனில் படித்தவன். நீங்கள் இரண்டு பேரும் சண்டை போடுவதைப் பார்த்தால் பங்காளிகள் வரப்பு வெட்டிக்கொள்வது போல் இருக்கிறது. அந்த நிலமே உங்கள் இருவருக்கும் மட்டும் எப்படி வந்தது என்று ஒருவரும் பேசவில்லை.

மேற்கு டெக்சாஸில் சுமார் 21 லட்சம் ஏக்கர் பொட்டல் நிலம் பல்கலைக்கழகத்துக்கென்று எழுதி வைக்கப்பட்டது. மாடு மேய்க்கத்தான் ஆகும் என்று நினைத்தார்கள். 1923 மே மாதம் சாண்டா ரீட்டா நம்பர் 1 கிணற்றில் எண்ணெய் பீறிட்டது. அந்தக் கிணற்றின் பழைய இயந்திரத்தை ஆஸ்டின் வளாகத்தின் ஓரத்தில் இன்றும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், போய்ப் பாருங்கள். 1931-ல் பங்கு பிரித்தார்கள்: வருமானத்தில் மூன்றில் இரண்டு யு.டி.க்கு, ஒன்று ஏ அண்ட் எம்முக்கு. அந்த நிதி இன்று 3,000 கோடி டாலரைத் தாண்டி நிற்கிறது. எங்களுக்கு அதில் ஒரு சென்ட்கூடக் கிடையாது.

பிரசாஸ் தம்பி, "கிளை" என்ற சொல்லைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். அந்த ஒரு வரியைக் காட்டித்தான் உங்கள் ஆட்கள் எண்ணெய்ப் பணத்தில் பங்கு கேட்டார்கள். ஆஸ்டின் தம்பிக்கும் ஒன்று. "முதல் தரம்" என்று அதே பிரிவில் இப்போது பிரெய்ரி வியூ ஏ அண்ட் எம் பெயரும் இருக்கிறது, 1984 திருத்தத்தால். கறுப்பின மாணவர்களுக்கென்று தொடங்கிய கல்லூரி அது. எண்ணெய்ப் பணத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே பல காலம் வறுமையில் நடந்தது. அதை யாராவது ஃபிளாக்‌ஷிப் என்கிறீர்களா?

கான்ஃபரன்ஸ் கதையும் இதேதான். பழைய சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ் 1996-ல் கலைந்தபோது பிக் 12-க்கு டெக்சாஸிலிருந்து நான்கு பேர் போனார்கள். யு.டி., ஏ அண்ட் எம் சரி. டெக்சாஸ் டெக்கும் பேய்லரும் எப்படி? துணை ஆளுநர் பாப் புல்லக் அந்த இரண்டிலும் படித்தவர், ஆளுநர் ஆன் ரிச்சர்ட்ஸ் பேய்லரில் படித்தவர். இதற்கு மேல் நான் சொல்லத் தேவையில்லை. ஹூஸ்டன், ரைஸ், டி.சி.யு., எஸ்.எம்.யு. நான்கும் நடுத்தெருவில். நாங்கள் பிக் 12-க்குள் நுழைய 2023 ஆனது.

பிரசாஸ் கரை:
அண்ணே, பங்கு பிரித்தது நான் பிறப்பதற்கு முன்னால். ஆனால் 2023-ல் மக்கள் ஓட்டுப் போட்டு உங்களுக்கும் தனி நிதி வந்ததே? ஹூஸ்டன், டெக், நார்த் டெக்சாஸ், டெக்சாஸ் ஸ்டேட் நான்குக்கும் சேர்த்து 390 கோடி டாலர்.

பழைய கூகர்:
வந்தது, தம்பி. நான்கு பேருக்கும் சேர்த்து 390. உங்கள் இருவருக்கு 3,000-க்கு மேல். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

கேட்டி அம்மா:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் மகள் அடுத்த வருஷம் விண்ணப்பிக்கப் போகிறாள். வகுப்பில் முதல் 8 சதவீதத்தில் இருக்கிறாள். இன்ஜினியரிங் வேண்டும். ஃபிளாக்‌ஷிப் எது என்று நீங்கள் முடிவு செய்வதற்குள் கடைசித் தேதி போய்விடும் போலிருக்கிறது. இரண்டில் எது?

ஆஸ்டின்காரன்:
அக்கா, 2026 இலையுதிர் சேர்க்கையிலிருந்து யு.டி.யில் தானாகக் கிடைக்கும் இடம் முதல் 5 சதவீதத்துக்குத்தான். மற்றவர்கள் கட்டுரை, செயல்பாடு எல்லாம் பார்த்து. அவ்வளவு போட்டி இருப்பதுதான் ஃபிளாக்‌ஷிப்பின் அடையாளம் என்பேன். ஆனால் யு.டி.யில் இடம் கிடைப்பது வேறு, கேட்ட பிரிவு கிடைப்பது வேறு. இரண்டாவது விருப்பத்தையும் யோசித்து வையுங்கள்.

பிரசாஸ் கரை:
ஏ அண்ட் எம்மில் முதல் 10 சதவீதத்துக்கு இடம் உறுதி, அக்கா. கதவைச் சாத்தி வைப்பது பெருமை என்று நாங்கள் நினைப்பதில்லை. 70,000 பேருக்கு மேல் படிக்கிறார்கள். விவசாயி வீட்டுப் பிள்ளைக்கும் மெக்கானிக் வீட்டுப் பிள்ளைக்கும் படிப்பு கொடுக்கத்தான் 1862 மோரில் சட்டத்தில் இந்த மாதிரிக் கல்லூரிகளே வந்தன. மாநிலத்துக்குச் சொந்தமான பல்கலைக்கழகம் மாநிலப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்ஜினியரிங்குக்குத் தனிப் பரிசீலனை உண்டு. சேர்ந்த பிறகு முதல் வருஷம் எல்லோருக்கும் பொது. ஜி.பி.ஏ. (மதிப்பெண் சராசரி, 4-க்கு) 3.75 இருந்தால் விரும்பிய பிரிவு நிச்சயம்.

ஆஸ்டின்காரன்:
3.74 இருந்தால்?

பிரசாஸ் கரை:
போட்டியில் நிற்க வேண்டும். யு.டி.யில் உள்ளே போன பிறகு பிரிவு மாற்றிப் பாருங்கள், அப்போது தெரியும் எது கஷ்டம் என்று.

கேட்டி அம்மா:
நன்றி. இன்னொன்று: அவள் ஆறு வருஷமாக கிளாரினெட் வாசிக்கிறாள். கல்லூரி பேண்டில் சேர்ந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம். இரண்டு இடத்திலும் முடியும்தானே?

ஆஸ்டின்காரன்:
யு.டி.யில் ஆடிஷன் கொடுத்துத் தேர்வானால் போதும். அங்கே எப்படி என்று பிரசாஸ் கரை அவர்களே சொல்லட்டும். 😄

பிரசாஸ் கரை:
அக்கா, எங்கள் பேண்ட் நாட்டிலேயே மிகப் பெரிய ராணுவ அணிவகுப்பு பேண்ட்களில் ஒன்று. அதில் வாசிக்க வேண்டுமென்றால் ராணுவப் பயிற்சி பெறும் மாணவர் படையான கார்ப்ஸ் ஆஃப் கேடெட்ஸில் சேர வேண்டும். படித்து முடித்துப் பட்டாளத்துக்குப் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சீருடை, கார்ப்ஸ் விடுதி, விடியற்காலைப் பயிற்சி எல்லாம் உண்டு.

கேட்டி அம்மா:
விடியற்காலையா? காலை எட்டரைக்கே நான் மூன்று தடவை கத்த வேண்டியிருக்கிறது.

பழைய கூகர்:
அம்மா, கேட்டியிலிருந்து ஹூஸ்டன் வளாகம் சுமார் 30 மைல்தான். எங்களுக்கும் பேண்ட் இருக்கிறது. நீங்களே போய் எழுப்பிக்கொள்ளலாம்.