இருட்டியதும் அணைந்து அணைந்து எழும் கேமரா: கோளாறு அடாப்டரிலா, வயரிலா?

கேள்வி:
வீட்டின் பின்பக்கம் 12 வோல்ட் கேமரா ஒன்று மாட்டியிருக்கிறேன். பகலில் ஒரு குறையும் இல்லை. இருட்டியதும் ‘டிக்’ என்று ஒரு சத்தம், லென்ஸைச் சுற்றியுள்ள விளக்குகள் லேசாகச் சிவக்கும், உடனே படம் போய்விடும். ஒரு நிமிடத்தில் வரும், மறுபடி போகும். விடியும் வரை இதேதான். அடாப்டர் 1 ஆம்பியர். புதிதாக வாங்கி மாற்றியும் பார்த்துவிட்டேன். ஹாலிலிருந்து வயர் 25 மீட்டர் போகிறது. வாசலில் உள்ள பேட்டரி கேமராவும் பத்தே நாளில் சார்ஜ் இறங்கிவிடுகிறது. அம்மா தனியாக இருக்கும் வீடு, இரவில்தான் கேமரா முக்கியம். உதவுங்கள்.

பதில்:
அந்த ‘டிக்’, லென்ஸுக்குப் பின்னால் பகலில் அகச்சிவப்பு ஒளியைத் தடுக்கும் வடிகட்டி நகரும் சத்தம். அப்போதுதான் அகச்சிவப்பு விளக்குகள் எரிகின்றன, கேமரா இழுக்கும் மின்சாரமும் ஏறுகிறது. எனக்கு வயர் மேல்தான் சந்தேகம். கேமரா ஓடும்போதே அதன் பக்கத்து முனையில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். கழற்றிவிட்டு அளந்தால் 12 என்றே காட்டி ஏமாற்றும். இரவு வரை காத்திருக்க வேண்டாம், ஒளி சென்சாரைக் கையால் மூடினால் போதும்.

கேட்டவர்:
அளந்தேன். பகலில் 11.1. கையால் மூடியதும் 10.0 வந்து அணைந்துவிட்டது. அடாப்டர் முனையில் 12 அப்படியே நிற்கிறது. வயர் 0.3 சதுர மி.மீ. செம்பு.

பதில்:
அப்படியென்றால் அடாப்டர் மேல் தப்பில்லை. மின்சாரம் போய்த் திரும்ப வேண்டும், ஆகவே கணக்குக்கு 50 மீட்டர். இந்த வயரில் அது கிட்டத்தட்ட 2.9 ஓம். 0.7 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 2 வோல்ட் போய்விடும். 1.5 சதுர மி.மீ. செம்பு வயர் போட்டால் 0.4 வோல்ட்தான் குறையும். செம்பு பூசிய அலுமினிய வயர் வேண்டாம், அதில் இழப்பு கூடுதல். 15 வோல்ட் அடாப்டர் போட்டுச் சரிக்கட்டவும் வேண்டாம். பகலில் இழுப்பு குறைவு, அதனால் கேமராவுக்கு 14 வோல்ட் போய் அது கெட்டுவிடலாம். ஐபி கேமராவாக (நெட்வொர்க்கில் இணைவது) இருந்தால் பிஓஇ, அதாவது நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் அனுப்பும் முறை, நல்ல வழி. அந்த ஒரே கேபிளில் மின்சாரம் 48 வோல்ட் அளவில் போவதால் 100 மீட்டர் வரை கவலையில்லை.

இன்னொருவர் பதில்:
பேட்டரி கேமரா எதையாவது பார்த்து விழிக்கும் ஒவ்வொரு முறையும் சார்ஜைத் தின்னும். தெருவில் போகும் வண்டிகள் அதன் பார்வையில் விழுகின்றனவா? கொஞ்சம் கீழ்நோக்கித் திருப்புங்கள். வைஃபை சிக்னல் பலவீனமாக இருந்தாலும் சீக்கிரம் இறங்கும். அப்புறம், கரண்ட் போனால் ரூட்டரும் அணையும். கேமராவுக்கு மட்டும் பேக்கப் கொடுத்துப் பயனில்லை, இரண்டுக்கும் சேர்த்துக் கொடுங்கள்.

கேட்டவர்:
1.5 வயர் மாற்றியாயிற்று. கையால் மூடினாலும் 11.6 நிற்கிறது. நேற்று இரவுப் பதிவை முழுக்க ஓட்டிப் பார்த்தேன், ஓர் இடத்தில்கூட அறுபடவில்லை. வாசல் கேமராவைக் கீழே திருப்பிவிட்டேன், பத்து நாள் கழித்துச் சொல்கிறேன். இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி.