பீரோ மேல் தட்டில் இருந்த கலர் பெட்டி: பிள்ளைகளை வீட்டில் வரைய வைத்த அனுபவங்கள்

வேளச்சேரி அம்மா:

நான் பண்ண தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பையனோட அஞ்சாவது பிறந்தநாளுக்கு கிரேயான்ஸ், ஸ்கெட்ச் பென், ஆயில் பேஸ்டல்னு வந்து குவிஞ்சது. எல்லாத்தையும் பத்திரமா பீரோ மேல் தட்டுல ஏத்திட்டேன். ஞாயித்துக்கிழமை மட்டும்தான் இறங்கும். கொடுக்கும்போதே "மூடியை மூடு, சுவத்துல கிறுக்காதே, முனையை உடைக்காதே"ன்னு ஒரு அர்ச்சனை. அவனும் ரெண்டு மலை, நடுவுல சூரியன், ஒரு வீடு, ஒரு தென்னை மரம், நாலு காக்கா போட்டுட்டு பத்து நிமிஷத்துல எழுந்துடுவான். வாராவாரம் அதே படம்தான்.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்துச்சே, அப்போ எங்க தெரு முழுக்கத் தண்ணி. மூணு நாள் கரண்ட் இல்லை, போனும் செத்துப்போச்சு. வீட்டுக்காரர் ஆபீஸ்லேருந்து கொண்டுவந்த ஒருபக்கம் பிரிண்ட் ஆன தாள் ஒரு கட்டு கிடந்தது. அதை எடுத்துக்கிட்டு பால்கனியில உக்காந்துட்டான். கீழே நிக்கிற பைக்குங்கள்ல எங்களுக்கு ஹேண்டில்பாரும் சீட்டும் மட்டும்தான் தெரியுது. அவன் என்னடான்னா தண்ணிக்கு ஒரு கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே சக்கரம், செயின், சைலன்சர் எல்லாத்தையும் வரையறான். "டேய், தண்ணிக்குள்ள இருந்தா தெரியாதே"ன்னு வாயைத் திறந்தேன். எங்க மாமியார் 'சும்மா இரு'ன்னு கண்ணாலயே சொன்னாங்க. அந்த வயசுப் பிள்ளைங்க கண்ணுக்குத் தெரியறதை வரையறதில்லை, தனக்குத் தெரிஞ்சதை வரையறாங்கன்னு பின்னாடிதான் எனக்குப் புரிஞ்சது. அவனைப் பொறுத்தவரை சக்கரம் அங்கேதான் இருக்கு, தண்ணி வந்தா எங்கே போயிடும்?

அந்த மூணு நாள்ல பதினேழு படம். மலையும் இல்லை, சூரியனும் இல்லை.

தண்ணி வடிஞ்சதும் முதல் வேலையா கலர் எல்லாத்தையும் ஒரு பழைய முறுக்கு டப்பாவுல போட்டு, சாப்பாட்டு மேஜைக்குக் கீழே அவன் கைக்கு எட்டற இடத்துல வெச்சேன். ஏ4 தாள் ஒரு ரீம் வாங்கினோம். 500 தாள், தினம் ஒண்ணுன்னாலும் ஒரு வருஷத்துக்கு மேல வரும். ஸ்கூல்லேருந்து வந்து பால் குடிச்சதும் வரையறது, அப்புறம் கீழே விளையாடப் போறது. "வரையறியா?"ன்னு கேக்கறதையே நிறுத்திட்டேன். டம்ளர் பக்கத்துல தாள் இருக்கும், அவ்வளவுதான். பரீட்சை வாரத்துல விட்டுப்போகும், அதுக்காக யாரும் கவலைப்படறதில்லை.

மேற்கு மாம்பலம் பாட்டி:

எங்க வீட்டுல கலரும் கிடையாது, தாளும் கிடையாது. பேத்திக்கு மார்கழியில வாசல்லதான் ஆரம்பிச்சேன். முதல்ல புள்ளி மட்டும் வெக்கச் சொன்னேன். ஏழு புள்ளி, நாலு வரைக்கும், ஊடுபுள்ளி, அதாவது ரெண்டு புள்ளிக்கு நடுவுல அடுத்த வரிசைப் புள்ளி. வரிசை கோணாம வெக்கறதுக்கே ஒரு வாரம் ஆச்சு. இப்போ சிக்குக் கோலம் போடறா. கிளம்பின இடத்துக்கே இழை திரும்பி வரலைன்னா எங்கே விட்டோம்னு அவளே விரலால தடவித் தேடுவா, நான் சொல்றதில்லை. மார்கழி முடிஞ்சும் விடலை, ஹால் தரையில சாக்பீஸ்ல போடறா. துடைக்கறது என் வேலை, இடுப்புதான் போகுது.

பெரம்பூர் அப்பா:

எனக்கு ஒரு கசப்பான அனுபவம். பொண்ணை ஒரு டிராயிங் கிளாஸ்ல சேர்த்தோம். பேர் வேண்டாம். மாசக் கடைசியில எல்லாப் பிள்ளைங்க கையிலயும் ஒரே பிள்ளையார், ஒரே மயில். பாதிக்கு மேல மிஸ் போட்ட கோடுதான். வீட்டுல பென்சிலைத் தொடவே மாட்டேன்னுட்டா. கேட்டா, "மிஸ் மாதிரி வரலப்பா." பணம் போனது போகட்டும், அந்த வார்த்தைதான் இன்னும் உறுத்துது.

கிளாஸை நிறுத்திட்டு ஒருநாள் மெரினாவுக்குக் கூட்டிட்டுப் போனேன். உழைப்பாளர் சிலை முன்னாடி உக்காந்தோம். கையில நோட்டு, பால்பாயிண்ட் பேனா. ரப்பர் வேணும்னே கொண்டுபோகலை. நாலு பேர் பாறையை நெம்பறாங்களே, அந்தக் கால் எப்படி மடங்குதுன்னு அவளுக்கு வரலை. வீட்டுக்கு வந்ததும் சுவத்துல ரெண்டு கையையும் ஊணித் தள்ளிக்கிட்டே, "அப்பா, இப்போ என் முட்டியைப் பாரு, எந்தக் கால் நேரா இருக்கு?"ன்னு கேட்டா. அப்புறம் என்னைத் தள்ளவிட்டு வரைஞ்சா. என் தொப்பையையும் விடலை. அந்தச் சிலையைச் செஞ்ச தேவி பிரசாத் ராய் சௌத்ரி நம்ம சென்னை ஓவியக் கல்லூரிக்கு முதல்வரா இருந்தவர். அதைச் சொன்னதும், "அவர் யாரைத் தள்ளவிட்டுப் பாத்தாரு?"ன்னு கேட்டா. எனக்கு எங்கே தெரியும்?

அடையாறு அம்மா:

தினமும்ங்கறது எங்க வீட்டுல எடுபடலைங்க. மூணு நாள் விடாம வரைவான், அப்புறம் ரெண்டு வாரம் ஒண்ணும் இல்லை. வரைஞ்சா ஆட்டோ மட்டும்தான். முதல்ல கவலைப்பட்டேன். பழைய ஆட்டோவையும் புதுசையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா, புதுசுல மீட்டர் வந்திருக்கு, டிரைவர் சீட்டு ஓரத்துல இன்னொருத்தர் ஒட்டி உக்காந்திருக்கார்! ஆட்டோவே போதும்னு விட்டுட்டேன். ஒரே ஒரு சந்தேகம், இந்தத் தாள் குவியலை எல்லாரும் என்ன பண்றீங்க?

வேளச்சேரி அம்மா:

நானும் அதுல அடிபட்டிருக்கேன். ஒருதடவை அவனுக்குத் தெரியாம பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுட்டேன். தராசுல தன் படத்தைப் பாத்துட்டு தெருவுலயே அழுதான். இப்போ ஒவ்வொரு தாள் பின்னாடியும் தேதி எழுதிடுவோம். மாசக் கடைசியில எது இருக்கணும், எது போகணும்னு அவன்தான் பிரிப்பான். நான் நல்லா இருக்குன்னு நினைக்கிறதைத்தான் முதல்ல கழிப்பான், என்ன கணக்கோ!

போன வாரம் பிரிக்கும்போது அந்தப் புயல் படம் கையில வந்தது. கொஞ்ச நேரம் பாத்துட்டு சிரிக்கிறான். "அம்மா, தண்ணிக்குள்ள சக்கரம் எப்படித் தெரியும்? அழிச்சுடவா?"

வேணாம்டான்னு வாங்கி பீரோ மேல் தட்டுல வெச்சுட்டேன்.